கொசுறாக ஒரு படம்

தென்கொரியாவின் பூசான் கருவாட்டுச் சந்தையில் மான்சிக்கைப் பேச்சில் மடக்கியவர் யாரும் இல்லை. அப்பேர்ப்பட்டவன் அன்று மத்தியானம் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு அலறியடித்துக்கொண்டு ஓடி வந்திருந்தான். கடைத் தராசுக்கு வாங்கி வைத்திருந்த பொத்தான் பேட்டரியை ஒன்பது வயது மகள் நாரே விழுங்கிவிட்டாள். கண்ணால் பார்த்தான்; கைதான் எட்டவில்லை.

உள்ளே துணைக்கு ஒருவருக்குத்தான் அனுமதி. அதற்கான துணையாள் அட்டையை எப்போதும் மாட்டிக்கொள்பவள் மனைவி ஜோங்ரான். அவள் உல்சானிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். இன்று அது இவன் கழுத்தில் தொங்கியது.

“தொண்டையில சிக்கியிருந்தா ரெண்டு மணி நேரத்துல அரிச்சிடும், நாரே அப்பா. உடனே எக்ஸ்ரே எடுக்கணும். புள்ள அசையாம நிக்கணும்” என்றார் டாக்டர்.

“ஆட்டிசம் டாக்டர். வேத்தாள் தொட்டா தாங்க மாட்டா.”

“அப்ப நாலு பேர் பிடிச்சுக்கறோம்.”

போன வருஷம் நெற்றித் தையலுக்கு அப்படித்தான் பிடித்தார்கள். அதற்கப்புறம் மூன்று மாதம் நாரே வாய் திறக்கவில்லை. அப்பாவே நெருங்கினாலும் கட்டிலுக்கடியில் பதுங்கினாள்.

“அஞ்சு நிமிஷம் குடுங்க” என்று கெஞ்சிவிட்டு மனைவிக்கு போன் போட்டான்.

“ஊரையே பேசிக் கவுத்துடுவீங்க. பெத்த பொண்ணுகிட்ட பேசத் தெரியலையா?” என்று வெடித்தாள் அவள்.

எக்ஸ்ரே அறை மூலையில் காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தாள் நாரே. மான்சிக் தள்ளி உட்கார்ந்து, சந்தைக் குரலை எடுத்தான்.

“கடைக்காரம்மா, பத்து எண்ணுற வரைக்கும் அசையாம நிக்கணும். குடுப்பீங்களா?”

ஒரு காதிலிருந்து கை இறங்கியது. “மூணு.”

“மூணை வெச்சு நாக்கு வழிக்கவா? எட்டு!”

“மூணு.”

“சரி, எதிர்க்கடைக்குப் போறேன்” என்று எழுந்தான்.

“நாலு!”

“அஞ்சுன்னா முடிச்சுக்கலாம்.”

“அஞ்சு.”

எக்ஸ்ரே பலகை முன்னால் நின்று அவளே எண்ணினாள். ஐந்தில் படம் விழுந்தது.

“அருமை! இப்ப பக்கவாட்டுல இன்னொன்னு” என்றார் படம் எடுப்பவர்.

மான்சிக் எத்தனை படம் என்று கேட்காமலே பேரத்தை முடித்திருக்கிறான். நேற்றுக் கடை போட்டவன்கூட இப்படிக் கோட்டைவிட மாட்டான். நாரேவின் கைகள் மறுபடி காதுக்குப் போயின. ஒரு முனகல் கிளம்பி ஏறிக்கொண்டே போயிற்று. வாசலில் நாலு பேர் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

கடையில் எடை போட்டு முடித்ததும் மேலே ஒரு பிடி நெத்திலி அள்ளிப் போடுவது நாரேவின் வேலை. அதில் வேறு யாரும் கை வைக்க விடமாட்டாள்.

“கடைக்காரம்மா,” என்றான் அவன், “எடை சரியா இருக்கு. கொசுறு போடலையே?”

முனகல் நின்றது. நாரே காதிலிருந்து கைகளை எடுத்தாள். பிறகு, பக்கவாட்டில் திரும்பி நின்றாள்.

“ஒண்ணு… ரெண்டு…”

டாக்டர் இரண்டு படங்களையும் பார்த்தார். “தொண்டையத் தாண்டி இரைப்பைக்குப் போயிடுச்சு. தப்பிச்சா. வெளியேறுதான்னு பாக்க நாளைக்கு இன்னொரு படம் எடுக்கணும்.”

“நாளைக்கு எத்தனை எண்ணுவீங்க, கடைக்காரம்மா?” என்று மகள் பக்கம் திரும்பினான் மான்சிக்.

“மூணு” என்றாள் நாரே.