பத்தடி உயரப் படத்துக்குக் கீழே நிற்பவள்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. என் அண்ணன் மகள் வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றுவதற்குள் கொட்டித் தீர்த்தது. முப்பது வருஷம் அலுவலகக் கோப்புகளில் ஒரு வார்த்தைகூட மிகையாக எழுத விடவில்லை என்னை. ஓய்வு பெற்றாயிற்று, இனி யார் கேட்பது?

2
தொடக்கம்: 'அந்தத் துணிக்கடையில் ஆயிரம் அடி உயரத்தில் ஒரு படம்...'

(சரி, பத்தடி.)

படத்தில் நீலக் கவுனில் இருப்பது என் அண்ணன் மகள்தான். துணி மாற்றும் அறை வாசலில் வேலை பார்ப்பவளை, மாடல் வராத அன்று நிறுத்திப் படம் எடுத்தார்கள். பிறகு கணினியில் பாதி இடுப்பை அரிந்துவிட்டார்கள். அந்தப் படத்துக்குக் கீழேயே நாள் முழுக்க நிற்கிறாள். ஒருவரும் கண்டுபிடித்ததில்லை.

3
சனிக்கிழமை, ஒரு கல்லூரிப் பெண் அதே கவுனைப் போட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். கண்ணெல்லாம் சிவப்பு. (கண்ணீரில் கடையே மிதந்தது என்று எழுதி, அடித்துவிட்டேன்.)

"வேணாம்க்கா. என் உடம்புக்கு இதெல்லாம் ஒத்து வராது. இன்னையோட ராத்திரி சாப்பாட்ட நிறுத்தப் போறேன்."

"எதுக்கு?"

"அந்தப் பொண்ணு மாதிரி ஆகத்தான்."

"அந்தப் பொண்ணே அந்தப் பொண்ணு மாதிரி இல்லம்மா. நல்லாப் பாரு, நான்தான் அது."

அந்தப் பெண் நம்பவில்லை. என் அண்ணன் மகள் உடனே அதே கவுனை மாட்டிக்கொண்டு வந்து, படத்தை ஒட்டி நின்று, முதுகைத் திருப்பிக் காட்டினாள்.

"இங்க வரிசையா கிளிப்பு போட்டு இறுக்கினாங்க. மூச்சு விட முடியல. மிச்சத்த கம்ப்யூட்டர் பாத்துக்கிச்சு."

அந்தப் பெண் படத்தைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள்.

"அப்ப எனக்கு ஒரு சைஸ் பெருசா குடுங்கக்கா."

என் பேனா எழுந்து நின்று சல்யூட் அடித்த இடம் இது. (இதில் மட்டும் மிகையில்லை.)

4
மேலாளர் பார்த்துவிட்டார்.

"வியாபாரத்தக் கெடுக்கறியா? இனிமே வாயத் தொறந்தா வேலை கெடையாது."

"அப்ப எடுத்த படத்த வெட்டாம மாட்டுங்க சார். நான் ஏன் வாயத் தொறக்கறேன்?"

"திங்கக்கிழமை சொல்றேன்."

வீட்டில் இதுவரை கேட்டதும் நான் குறுக்கிட்டேன். "வேலை போச்சுன்னா என்னடி பண்ணுவ?"

"வேற கடை தேடணும் அத்தை. அழுதுட்டு வர்ற பொண்ணுங்களப் பாத்துக்கிட்டு சும்மா நிக்க என்னால ஆகாது."

5
முடிவு ஒன்று: மேலாளர் அவள் காலில் விழுகிறார். (முழங்கால் வலிக்காரர். வேண்டாம்.)

முடிவு இரண்டு: அவள் பையை எடுத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி...

ஊஹூம், எழுதக் கை வரவில்லை.

இன்று திங்கள். கடை திறந்தாகிவிட்டது. அவள் மேலாளர் அறைக்குள் போயிருக்கிறாள். நான் எவ்வளவு ஊதிப் பெருக்கி எழுதினாலும் அந்த மனிதரின் மனசு அசையாது. ஆனால் துணி வாங்குகிறவர் நீங்கள். உங்கள் பேச்சுக்கு அங்கே மதிப்பு உண்டு. எந்தப் படம் மாட்ட வேண்டும் என்று போய்ச் சொல்லுங்கள். கதவு சாத்தியிருந்தால், தட்டுங்கள்.