இல்லாத பிரேக்கை மிதித்தவர்கள்

பக்கத்தில் வாருங்கள், கண்ணுகளா. முதுகு நோகாமல் சாய்ந்து உட்காருங்கள். பயந்து பயந்தே ஒரு விருந்து வைத்தவளின் கதையைச் சொல்கிறேன்.

அவளை எல்லோரும் படபடா என்றுதான் கூப்பிடுவார்கள். பால் பொங்குவதற்கு முன்பே பொங்கிவிட்டதாகப் பதறுகிற ஆள். புருஷன் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். கூடவே இருக்கும் மாமனாரும் அவன் பணிமனையிலேயே பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நாத்தனார் வேறு ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள்.

மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மகள் வந்து சேர்வதற்குள் மூச்சு அடங்கிவிட்டது. "இப்ப எதுக்கு வந்தே?" என்று துக்கத்தில் கேட்டுவிட்டார் கிழவர். "சரி, இனி வரல" என்று போனவள் போனவள்தான். ஆண்டுக் கடைசி விடுமுறைக்கு ஒரு நாளாவது வந்து போகும்படி படபடா போனில் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்திருந்தாள்.

"வரேன். அவர் வாயிலேர்ந்து ஒரு குத்தல் வந்துச்சு, அதோட சரி. அப்புறம் என்னைக் கூப்பிடாதே" என்று நாத்தனார் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

எலிக்கும் பூனைக்கும் நடுவில் உட்கார்ந்து சிரிக்கவைக்கப் புருஷன் இருக்கிறான் என்ற ஒரே தைரியம் படபடாவுக்கு. காலையில் பணிமனையிலிருந்து போன் வந்தது. அன்றைய டிரைவருக்குக் காய்ச்சல், இவன் போயே ஆக வேண்டும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

"நீங்க போயிட்டா நான் என்னங்க பண்ணுவேன்?"

"மத்தியானம் கடைசி ஸ்டாப்புல வண்டி கொஞ்சம் நிக்கும். சோத்தைத் தூக்கிட்டு எல்லாரும் வந்துருங்க" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டுத் தலையைச் சீவிக்கொண்டு போய்விட்டான். படபடாவுக்கு விளையாட்டும் வினையும் ஒன்றுதானே! அதையே பிடித்துக்கொண்டாள்.

நாத்தனார் வந்தாள். கிழவர் பேப்பருக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். "வா" என்ற சொல்கூட இல்லை.

"தம்பி எங்கே?"

"டூட்டிக்குப் போயிருக்கார் அண்ணி."

"அப்ப நான் கிளம்பறேன்."

"ஐயோ, இருங்க அண்ணி! அவரை வண்டியிலேயே பாத்துரலாம். மாமா, செருப்பைப் போடுங்க!"

சோறு, பொரியல், கறி எல்லாவற்றையும் அடுக்குத் தூக்கில் அடைத்து, இருவரையும் இழுத்துக்கொண்டு அவன் வண்டி வரும் நிறுத்தத்துக்கு ஓடினாள். பேருந்தில் ஏறியவர்களைக் கண்ணாடியில் பார்த்த டிரைவர் புருஷனுக்கு விழி பிதுங்கியது. விடுமுறைக் கூட்டம். காலியாக இருந்தது டிரைவருக்குப் பின்னால் இருவர் உட்காரும் இருக்கை ஒன்றுதான். கிழவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

"நான் நின்னுக்கறேன்" என்றாள் நாத்தனார்.

"நின்னு என் வழியை அடைக்காதீங்கம்மா, சீட்டுதான் இருக்கே!" என்று கண்டக்டரம்மா அதட்டினாள். நாத்தனார் கைப்பையை நடுவில் சுவராக வைத்து உட்கார்ந்தாள்.

படபடா தூக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். இருவர் முகமும் இரண்டு திசையில். பார்க்கப் பயந்து கண்ணைத் தாழ்த்தியவள், கால்களைப் பார்த்தாள். வளைவு வந்தது. கிழவரின் வலது கால் தரையை அழுத்தியது. நாத்தனாரின் வலது காலும் அதே நேரம் அழுத்தியது. அடுத்த வளைவிலும் அப்படியே. இல்லாத பிரேக்கை இரண்டு பேரும் மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. வண்டி குலுங்கி நின்றது. தூக்கின் மேலடுக்கு எகிறி, கறி முழுக்கத் தரையில் ஓடி நாத்தனாரின் செருப்பை நனைத்தது.

கிழவர் வாயைத் திறந்தார். 'இவ வந்த நேரம்' என்று சொல்லப்போகிறார், தொலைந்தோம் என்று படபடா கண்ணை மூடிக்கொண்டாள்.

"எவன்டா உனக்கு லைசென்ஸ் குடுத்தான்?" என்று மகனைப் பார்த்துக் கத்தினார்.

"நல்லவேளை, எங்க டிரைவிங் ஸ்கூல் இல்லப்பா!"

நாத்தனார் வாயிலிருந்து 'அப்பா' விழுந்துவிட்டது. இருவரும் திடுக்கிட்டார்கள். பிறகு கிழவர் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார்: "ஸ்கூல் வண்டியில உன் பக்கமும் பிரேக் இருக்குமாமே?"

"இருக்கு. இல்லாட்டி நான் எப்பவோ போய்ச் சேந்திருப்பேன்."

"அப்படியெல்லாம் பேசாதே."

கடைசி நிறுத்தத்தில் கூட்டம் இறங்கியது. தரையைத் துடைத்துவிட்டுப் பின்வரிசையில் தட்டுகளை வைத்தாள் படபடா. வெறும் சோறு, கொஞ்சம் பொரியல். "நாய் வந்தா நான் என்ன பண்றது?" என்று டிரைவர் புலம்ப, அக்காவும் அப்பாவும் மாறி மாறி அவன் பிரேக் போட்டதை நார் நாராகக் கிழித்தார்கள். கை கழுவப் போன நாத்தனார் கடைசியாக வந்து உட்கார்ந்தாள்.

"எப்பவும் லேட்டுதான் இவ" என்றார் கிழவர்.

நாத்தனாரின் கை தட்டுக்கு மேலேயே நின்றது.

கண்டக்டரம்மாதான் சிரித்தாள். "யாரு லேட்டைப் பத்திப் பேசறது! பணிமனையில இவருக்குப் பேரே 'அடுத்த வண்டி'. இவரை நம்பினவங்க எல்லாரும் அடுத்த வண்டியிலதான் போனாங்க!"

டிரைவருக்குப் புரையேறியது. கிழவர் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு பாதியில் நின்றது.

"நெசந்தான். உங்கம்மா வலிக்குதுன்னு சொன்னப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும். நாளைக்குப் பாக்கலாம்னேன்" என்றார். "லேட்டானது நான். பழியை உன் தலையில போட்டேன்."

நாத்தனார் தன் தட்டிலிருந்த பொரியலை வழித்து அவர் தட்டில் வைத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"சாப்பிடுங்கப்பா. இவன் வண்டியை எடுத்தா இதுவும் தரைக்குப் போயிடும்."

கறியில்லாத சோறு அவ்வளவு ருசிக்கும் என்று படபடாவுக்கு அன்றுதான் தெரிந்தது. தட்டுகளை அடுக்கும்போது நாத்தனார் அவள் தோளை இடித்தாள். "அடுத்த லீவுக்குக் கறி நான் செஞ்சு எடுத்துட்டு வரேன். ஆனா என் கார்ல வருவேன், இவன் வண்டியில இல்ல."

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டில் கோபம் வந்தால் சோறு ஆறுவதற்குள் ஆறட்டும். சொல்ல வேண்டிய சொல் காலத்தோடு வாய்க்கு வரட்டும். வாசலைத் தாண்டிப் போனவர்கள் எல்லோரும் வயிற்றுப் பசியோடு திரும்பி வந்து, உங்கள் சட்டியில் கரண்டி தட்டும்வரை சாப்பிட்டுச் சிரிக்கட்டும். நன்றாக இருங்கள்.