பத்தடி ஒழுங்கை

2016ஆம் ஆண்டு ஜூலை மாதம் பதினோராம் திகதி, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். வானத்தில் மேகம் இல்லை. கச்சான் காற்று மணலைக் கணுக்கால் உயரத்துக்கு வாரி வீசிக்கொண்டிருந்தது. நுரைச்சோலைக்கும் தலவிலைக்கும் இடையில், கடலை நோக்கிப் போகும் ஓர் ஒழுங்கையின் நடுப்பகுதியில், பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் டிலக்‌ஷன் உருக்கு நாடாவைக் குறுக்கே பிடித்து அளந்தார். எட்டடி ஐந்து அங்குலம். காற்றில் வளைந்த நாடா அளவைக் கூட்டிக் காட்டுமே தவிரக் குறைத்துக் காட்டாது என்பதை அவர் அறிவார். ஆயினும் என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலும் இரண்டு தடவை அளந்தார்.

நாடாவின் மறுநுனி என் கையில் இருந்தது. அந்த ஒழுங்கையின் கடைசியில், மற்ற வீடுகளுக்குப் பின்னால், ஏழரைப் பேர்ச் காணியை நானும் என் கணவர் மர்ஸூக்கும் முந்திய ஆண்டு வாங்கியிருந்தோம். வீடு கட்ட அனுமதி கேட்டு வரைபடமும் கொடுத்திருந்தோம். அன்று காலை மற்றவை எல்லாம் சரியாக இருந்தன. காணியின் பரப்பளவு போதும். பின்பக்க இடைவெளி போதும். மலசலகூடக் குழி அயல் கிணற்றிலிருந்து ஐம்பத்தோரடி தள்ளியிருந்தது. எஞ்சியிருந்தது ஒழுங்கை ஒன்றுதான். ஏற்கெனவே வீடுகள் உள்ள குடியிருப்புக்குள் புதிதாக ஒரு வீடு வருவதானால், அதற்குப் போகும் பாதை தொடக்கம் முதல் முடிவு வரை பத்தடி இருக்க வேண்டும். 1978ஆம் ஆண்டு நில அளவைப் படத்தில் பத்தடிதான் இருந்தது. நிலத்தில் பத்தொன்பது அங்குலத்தைக் காணவில்லை.

“இங்க இருக்கிற வீடுகளுக்கு இது பிரச்சினை இல்ல, டீச்சர். அதெல்லாம் விதி வர முதல் கட்டினது. உங்கடதுக்குத்தான்,” என்றார் டிலக்‌ஷன். அவர் அதை வருத்தத்துடன் சொன்னார். அதற்காக நான் அவருக்கு இன்றும் நன்றியுடையவள். அத்தகைய செய்தியை வருத்தமின்றிச் சொல்வோரையும் நான் அறிவேன்.

நாங்கள் குடியிருந்த நிலம் எங்களுடையதன்று. 1990இல் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த எங்களுக்குத் தன் தென்னந்தோட்டத்தில் ஒரு மூலையைத் தந்தவர், இருபத்தாறு ஆண்டுகள் அதைத் திருப்பித் தரும்படி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது தன் மகனுக்கு வீடு கட்ட அந்த மூலையை வருட முடிவுக்குள் தர முடியுமா என்று, மிகுந்த தயக்கத்துடன் கேட்டிருந்தார். அவர் கேட்டது நியாயம். கார்த்திகைக்குள் கூரை போடாவிட்டால், மூன்று பிள்ளைகளுடன் மீண்டும் எங்கேயாவது வாடகைக்கு ஒதுங்க வேண்டியதுதான்.

மர்ஸூக் பாலாவியில் உப்பு லொறி ஓட்டுபவர். தொலைபேசியில் செய்தியைச் சொன்னபோது, ஒழுங்கையின் வாயிலில் பத்தடி இருக்கிறதல்லவா, அதை மட்டும் எழுதும்படி அந்தப் பிள்ளையைக் கேட்டுப் பார் என்றார். கேட்டிருந்தால் டிலக்‌ஷன் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. முன்பு, எங்களைப் போல் இடம்பெயர்ந்து வந்தவர்களின் முகாமில் ஒரு நாள் பட்டப்பகலில் பதினொரு கொட்டில்கள் எரிந்தன. தண்ணீர் பவுசர் லொறி வந்தது. வந்து, உள்ளே நுழைய அகலம் போதாமல் முகாம் ஒழுங்கையின் வாயிலிலேயே நின்றது. சாரதி இறங்கி, கதவில் கை வைத்தபடி, எங்களைப் போலவே பார்த்துக்கொண்டு நின்றார். யாரும் சாகவில்லை. அந்த நாளுக்குப் பிறகு பத்தடி என்பது எனக்கு வெறும் எண்ணாக இருந்ததில்லை.

ஆகவே வேலிக்காரர்களிடம் பேச வேண்டியிருந்தது. ஒழுங்கையின் வடக்கே பஸ்தியான், தெற்கே எமிலியா. இருவரும் கத்தோலிக்கர், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஓகஸ்டில் தலவில அன்னம்மாள் திருவிழா வருவதால், அந்தப் பகுதியில் ஜூலையில் எல்லாரும் வேலிக்குப் புதுத் தென்னோலைக் கிடுகு கட்டுவார்கள். கட்டைகளை எட்டு, ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். அது கட்டை மாற்றும் ஆண்டு. அன்று பின்னேரம் நான் போனபோது பஸ்தியான் சவுக்கங் கட்டைகளின் அடிக்குப் பழைய மீன்வலைத் துண்டுகளைச் சுற்றித் தார் பூசிக்கொண்டிருந்தார். அப்படிச் செய்தால் கறையான் அண்டாது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அயலில் வேறெவரும் அதை நம்பியதில்லை.

நான் எவ்வளவோ சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். அவர் தூரிகையை வாளியின் விளிம்பில் வைத்தார்.

“அப்ப நான் ஒழுங்கையக் களவெடுத்தன் எண்டு சொல்ல வாறீங்க.”

“நான் அப்படிச் சொல்லல்ல, அண்ணன்.”

“வேலி எங்க இருந்திச்சோ அங்கதான் இருக்கு. என்ன, காலா இருக்கு அதுக்கு, நடந்து போக?”

எதிர் வேலிக்கு மேலால் எமிலியாவின் தலை தெரிந்தது. “ஒங்கட வேலிக்குக் கால் இல்லாட்டி என்ட வேலிக்குத்தான் இருக்கோணும். பத்தொம்பது அங்குலத்தையும் நான்தான் திண்டுபோட்டன். எழுதிக்கொண்டு போங்க, டீச்சர்.”

பஸ்தியான் சிரிக்கவில்லை. நாளை காலையில் வரும்படியும், அளக்கும் தம்பியையும் கூட்டி வரும்படியும் சொன்னார். வேலியின் அடியைத் தோண்டிக் காட்டுவாராம். பழைய கட்டைகளின் அடி அதே இடத்தில் இருக்குமாம். அதற்குப் பிறகு யாரும் கதைக்கக் கூடாதாம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவரே மண்வெட்டியைப் பிடித்தார். டிலக்‌ஷன் அலுவலகம் போகும் வழியில் வந்து நின்றார். எமிலியா கதிரை ஒன்றைக் கொண்டுவந்து ஒழுங்கையின் நடுவில் போட்டுக்கொண்டார். வேலியின் நேர்கீழே இரண்டடி ஆழத்துக்கு இப்போதைய கட்டையின் அடியையும் மணலையும் தவிர ஒன்றும் இல்லை. பஸ்தியான் குழியைத் தன் வீட்டு வளவின் பக்கமாக அகட்டினார். இரண்டரை அங்குலம் உள்ளே ஒரு கட்டையின் அடி இருந்தது. அதில் பச்சை நைலோன் வலை சுற்றியிருந்தது. அதற்கும் உள்ளே இன்னொன்று. அதில் நீல வலை. மூன்றாவதில் வலையின் நிறம் தெரியவில்லை. நான்காவது கட்டையில் வலையே இல்லை, நூல் உக்கிப்போயிருந்தது. ஆனால் அதன் கண்கள், ஒன்று தவறாமல், தாரில் பதிந்திருந்தன.

உலகத்தில் வேறெவர் நட்ட கட்டை என்றாலும் வாதாட இடம் இருந்திருக்கும்.

நடந்தது எல்லாருக்கும் விளங்கியது. மண்ணுக்கு மேலே முறிந்த கட்டையின் அடியை யாரும் கிண்டி எடுப்பதில்லை. புதுக்கட்டையை அதன் பக்கத்தில் நடுவார்கள். உள்ளே மல்லிகைப் பந்தலும் சமையலுக்குத் தகரச் சாய்ப்பாக இறக்கிய குசினிப் பத்தியும் இருந்தபடியால் நடும் பக்கம் எப்போதும் ஒழுங்கைப் பக்கமாகவே இருந்தது. நாலு தரம், ஒவ்வொரு தரமும் ஒரு கட்டையின் தடிப்பு. முப்பத்தெட்டு ஆண்டுகளில் யாரும் ஓர் அங்குலத்தையும் களவெடுக்கவில்லை.

பஸ்தியான் குழிக்குள் குந்தியிருந்து நான்காவது கட்டையைத் துடைத்தார், நெடுநேரம் துடைத்தார். பிறகு டிலக்‌ஷனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

“நடந்துதான் வந்திருக்கு, டீச்சர்,” என்றார்.

எமிலியா தன்னுடைய வேலியைத் தோண்டத் தேவையில்லை என்றார். இருவரும் கட்டை மாற்றுவது ஒரே நாளில். நூல் பிடிப்பதும் ஒருவருக்கொருவர்தான். “அவரிட பாதி அவருக்கு, என்ட பாதி எனக்கு. ஆனா ஒண்டு, கறையான் விசயத்தில மனுசன் சொன்னது சரி. வலை சுத்தின கட்டை நாலும் கிடக்கு.” அந்த வாக்கியத்தைப் பஸ்தியான் முப்பது ஆண்டுகளாக எதிர்பார்த்திருக்க வேண்டும். அவர் முகத்தில் அது தெரிந்தது.

பதினாறாம் திகதி சனிக்கிழமை இரண்டு வேலிகளும் பழைய கோட்டில் நின்றன. பழைய அடிகளை இம்முறை ஒன்றுவிடாமல் கிண்டி எடுத்தார்கள். பஸ்தியானின் குசினிப் பத்தியின் மூலை அந்தக் கோட்டுக்கு நாலு அங்குலம் வெளியே நிற்கும் என்பதை நான் முன்பே கவனித்திருந்தேன். எப்படிக் கேட்பதென்று தெரியாமல் மூன்று நாட்கள் இருந்தேன். சனிக்கிழமை போனபோது அந்த மூலை அங்கே இல்லை. தகரம் வெட்டப்பட்டு, தூண் உள்ளே நடப்பட்டிருந்தது. அது பழைய பத்தி, எப்படியும் கழற்ற இருந்தது என்றார் பஸ்தியான். தகரத்தில் கடைக்காரன் ஒட்டிய விலைத்தாள் அப்படியே இருந்தது. நான் அதைப் பார்த்ததை அவர் பார்த்தார்.

பகல் சாப்பாட்டை நான் சமைத்துக் கொண்டுபோனேன். நன்றி சொல்லத் தொடங்கியதும் எமிலியா கையை உயர்த்தி மறித்தார்.

“எங்கட வேலிய நாங்க கட்டுறம். அதுக்கு நீங்க என்னத்துக்கு நன்றி சொல்லுறீங்க? கறியில உப்புக் கொறவு. மனிசன் உப்பு லொறி ஓட்டுறார், வீட்டில உப்பில்ல. அதுக்கு மன்னிப்புக் கேளுங்க.”

நான் மன்னிப்புக் கேட்டேன்.

இருபதாம் திகதி டிலக்‌ஷன் ஐந்து இடங்களில் அளந்தார். மிகக் குறைந்த அளவு பத்தடி அரை அங்குலம். ஆனால் திட்டமிடல் குழு ஒரு நிபந்தனை விதித்தது: வேலி நிற்கும் கோடே ஒழுங்கையின் எல்லை என்று இரு காணிக்காரரும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். கடிதத்தை நான் எழுதினேன். எமிலியா வாசிக்காமல் கையொப்பமிட்டார். பஸ்தியான் இரண்டு தடவை வாசித்து, பேனாவைக் கேட்டு வாங்கி, அடியில் தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: ‘கட்டை மாற்றும் ஒவ்வொரு தரமும் டீச்சரும் நாடாவோடு வர வேண்டும்.’ அரச கடிதத்தில் அப்படி ஒரு வரி செல்லுமா என்று டிலக்‌ஷனிடம் கேட்டேன். அதைத் தடுக்கும் விதி எதுவும் தனக்குத் தெரியாது என்றார்.

அந்தக் காலத்தில் சபை கலைந்திருந்தது, உறுப்பினர்கள் இல்லை. எல்லாத் தீர்மானங்களிலும் செயலாளரே கையொப்பமிட்டார். ஓகஸ்ட் இரண்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை, வரும்படி அழைப்பு வந்தது. மர்ஸூக் லொறியைப் பாலாவியில் விட்டுவிட்டு வந்தார். திருவிழாச் சனத்தால் பஸ் நிரம்பியிருந்தது. நாங்கள் நின்றபடியே போனோம். சபை அலுவலகத்தில் மேசைக்கு முன்னால் முக்கால் மணித்தியாலம் காத்திருந்தோம். செயலாளர் ஏதோ கூட்டத்தில் இருந்தார். மர்ஸூக் வாயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த விதிகளை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். குறை சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

டிலக்‌ஷன் உள்ளேயிருந்து வீடு கட்டும் அனுமதித் தாளுடன் வந்தார். கையொப்பத்தின் மை காயட்டும் என்று சிறிது நேரம் அதைக் கிடையாகப் பிடித்திருந்தார். பிறகு எங்கள் பெயர்களை உரத்து வாசித்து, பெயர்களில் பிழை இல்லை என்று எங்களிடமே உறுதிப்படுத்திக்கொண்டு, தாளை என் கையில் தந்தார்.