முன்சீட்டும் பின்பெட்டியும்

யட்டியாந்தோட்டைக்கு மேலேயுள்ள அந்த ரப்பர் தோட்டத்தில் விடியுமுன்பே பால்வெட்டு தொடங்கிவிடும். நெற்றியில் கட்டிய லைட் வெளிச்சத்தில் விஜயகலா பட்டையைச் சீவிச் சீவி மரத்துக்கு மரம் நகர்ந்தாள். கழுத்தில் கொசு, இடுப்பில் விடாத வலி. பாதி மரம் வெட்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சிரட்டையில் வடிந்த பால் தண்ணீரோடு வழிந்து மண்ணில் போனது.

மழை நாளில் பால்வெட்டுக்காரர்களைத் தேயிலை மலைக்கு ஏற்றிப்போவது வழக்கம். தோட்டத்தை நடத்தும் துரையின் கெப் வண்டி வந்தது. முன்சீட்டில் துரையும் டிரைவர் முக்தாரும். திறந்த பின்பெட்டியில் பெண்கள், ஒருவர் மடியில் ஒருவராக. கிருஷ்ணகுமாரி விளிம்பில் உட்கார்ந்து விஜயகலாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

இறக்கத்தில் டயர் வழுக்கியது. வண்டி பாலத்துக் கட்டுச்சுவரில் மோதியது.

விஜயகலா எழுந்தபோது வாயெல்லாம் மண். கிருஷ்ணகுமாரி பாதையோரத்தில் தண்ணி ஓடும் கானுக்குள் கிடந்தாள். ஒரு கால் திரும்பிப் போயிருந்தது. துரை கதவைத் திறந்து இறங்கினார். சட்டை முழுக்க வெள்ளைத் தூள். கன்னத்தில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் விஜயகலா முக்தாரிடம் கேட்டாள்: "தொரைக்கு முன்னால வெள்ளையா தொங்கிச்சே, அது என்னங்க நானா?"

"எயார் பேக், தங்கச்சி. வண்டி மோதினதும் சென்சருக்கு விளங்கிடும். உள்ளுக்கு மருந்து பத்தி எரிஞ்சி, காஸ் வந்து பை நிறையும். கண்ண மூடித் திறக்க முந்தி. ஆள் அதில விழக்குள்ள ஓட்டையால காஸ் இறங்கும். அதால தல அடிபடாம, அமுங்கி நிக்கும். பெல்ட்டும் போட்டிருக்கணும். இல்லாட்டி அந்தப் பையே மூஞ்சில அடிக்கும்."

"பின்னாடி?"

முக்தார் தலையைக் குனிந்துகொண்டார். "பின்னுக்கு என்ன இருக்கு. தகரம்தான்."

அடுத்த வேலைநாளும் இரவு மழையில் மரம் நனைந்திருந்தது. தேயிலை மலைக்கு ஏற்றிப்போக, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் லொறி நின்றது.

"கெப் கராஜ்ல. புதுப் பை போடாம அதில ஏறுறது ஆபத்து. எல்லாரும் லொறில ஏறுங்க," என்றார் துரை.

யாரும் அசையவில்லை.

"பை இல்லாத வண்டில நீங்க ஏறமாட்டீங்க." விஜயகலா முன்னால் வந்தாள். "எங்கள மட்டும் திறந்த லொறில ஏறச் சொல்றீங்க."

"லொறிக்குப் பை வைக்கணுமா?"

"பை கேக்கலைங்க. உக்கார சீட்டு, கட்டிக்க பெல்ட்டு. அப்பிடி ஒரு பஸ்ஸு. அது வர்ற வரைக்கும் நடந்தே போறோம்."

"நடந்து வந்து சேர்றப்ப வெயில் ஏறிடும். அரைப்பேர்தான் போடுவேன்."

அரை நாள் கூலி. பெண்கள் லொறியைப் பார்த்தார்கள். படுத்த படுக்கையான புருஷனையும் பிள்ளைகளையும் ஒற்றை ஆளாகக் காப்பாற்றும் ஷாமிளாதான் முதலில் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைப்பாதையில் கால் வைத்தாள். பின்னால் ஒருத்தி. பிறகு எல்லோரும்.

லொறியில் இருந்த முக்தார் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார். "கொழுந்து ஏத்துறன் சேர். ஆள் ஏத்த மாட்டன்."

மாலையில் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே விஜயகலா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பாதம் கொப்பளித்திருந்தது.

"ஒருத்தரும் ஏறலடி. மேல் டிவிசன் ஆளுங்களும் நாளைக்கு நடக்கிறாங்களாம்."

"தொர பஸ்ஸு விடுவாரா?"

"இன்னும் வாயத் தொறக்கல."

கிருஷ்ணகுமாரி கட்டுப்போட்ட காலை மெல்ல நகர்த்திவைத்தாள்.

"எனக்கு அந்த பெல்ட்டு போடக்கூடத் தெரியாதேடி."

"எனக்கு மட்டும் தெரியுமா? சேந்து பழகிக்குவோம்."