பத்து நிமிடச் சூடு

எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் மேல் உட்கார்ந்திருக்கும் விசிறியைக் கழற்றும் முன், கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவே காய்ந்திருக்கும் பசை சூட்டில் இளகும். மெல்லத் திருகினால் விசிறி மட்டும் தனியே வரும். பத்து நிமிடம் சும்மா உட்காருவது என் ஜாதகத்திலேயே கிடையாது. அவசரக்குடுக்கை என்று எனக்குப் பெயர் வைத்தவர் என் அண்ணன். கடையும் அவருடையது.

அன்று காலை கதவுக்காரர் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். மரக்கதவில் பூவேலை வெட்டும் அவருடைய மெஷினை ஓட்டுவது அதுதான். பாதி வெட்டும்போதே சூடாகி அணைந்துவிடுகிறதாம். "இன்னிக்கே வேணும்மா, எட்டுக் கதவு நிக்குது" என்று சொல்லிவிட்டு ஆணி வாங்கப் போனார். பசை காய்ந்தால் சூடு ஏறும், அதை மாற்றுகிற வேலைதானே என்று, ஆறிக்கிடந்த விசிறியை அப்படியே பிடித்து இழுத்தேன்.

பட்டென்று வந்தது, பிராசஸரையும் ஒட்டிக்கொண்டு. பூட்டியிருந்த சாக்கெட்டிலிருந்து பிய்த்திருக்கிறேன்! அடியில் நூற்றுக்கணக்கான பின்கள். ஓரத்தில் நான்கு சாய்ந்து கிடந்தன. உள்ளே குச்சி இல்லாத பென் பென்சிலின் குழாய் முனையை ஒவ்வொன்றிலும் மாட்டி நிமிர்த்தினேன். மூன்று நிமிர்ந்தன. நாலாவது ஒடிந்து விழுந்தது.

அண்ணன் வந்து திட்டிவிட்டு, பின்களின் வரைபடத்தைத் தேடி எடுத்து எண்ணினார். "பொழச்சே போ. கிரவுண்டு பின்னு. இது மாதிரி எத்தனையோ இருக்கு, ஒண்ணு போனா ஒண்ணும் ஆகாது."

புதுப் பசை தடவி மாட்டினோம். திரையில் படம் வந்தது. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தேன்.

"அவர்கிட்ட சொல்லிடலாம்ணா."

"வாய வச்சுக்கிட்டு சும்மா இரு. ஓடுதில்ல? சொன்னா, நாளைக்கு அவரு மெஷின்ல கத்தி மழுங்கினாலும் நம்ம தலையிலதான் விடியும்."

கதவுக்காரர் வந்தார். அரை மணி நேரம் ஓட்டிக் காட்டினோம். பெட்டியைத் தொட்டுப் பார்த்து, "சூடே இல்லையே, கெட்டிக்காரப் பொண்ணு!" என்றார். அதைக் கேட்டுவிட்டு என்னால் நிற்க முடியவில்லை. கொட்டிவிட்டேன்.

"சார், நீங்க கொண்டு வர்றப்ப பின்னெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் அவசரத்துல ஒரு பின்ன ஒடிச்சிட்டேன். ஓடும். ஆனா உங்களுக்குத் தெரியணும்."

அவர் கோபப்படவில்லை. கையில் எடுத்த பெட்டியை மறுபடி கீழே வைத்தார்.

"போன வருஷம் என் கம்ப்யூட்டரோட பழைய போர்டு இங்கதான் செத்துச்சு. குடுக்கிறப்ப ஓடிட்டுத்தான் இருந்துச்சு. மரத்தூசி பட்டுப் போச்சுன்னு உங்க அண்ணன் சொன்னாரு. அன்னிலேர்ந்து தெனமும் துணி போட்டு மூடி வைக்கிறேன்." கொஞ்சம் நிறுத்தி, என்னைப் பார்த்துக் கேட்டார். "அது தூசிதானாம்மா?"

அந்த போர்டைக் கழற்றியவர் அண்ணன். திரும்பிப் பார்த்தேன். அவர் காலி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.