அக்காவின் முகத்திரை

குண்டூசியைப் பல்லில் கடித்துக்கொண்டு, அக்காவின் முகத்திரையைக் காதோரமாக மடித்துப் பார்த்தாள் ஸ்டூடியோக்காரி. மடிப்பு கோணலாக விழுந்தது. பிரித்துவிட்டு மறுபடி மடித்தாள். உயிரோடு இருந்தவரை அக்கா கண்ணாடிகூடப் பார்க்காமல் ஒரு நொடியில் கட்டிக்கொள்வாள். இன்று தங்கையின் கைக்கு அது அடங்கவில்லை.

வெளியே கதவைத் தட்டினார்கள்.

"சித்தி, முடிஞ்சுதா?" அக்காவின் மகன். "முகத்தை மூடாதீங்க. பிரார்த்தனைக் கூடத்துக்குக் கொண்டுபோனதும் எல்லாரும் பார்க்கட்டும். அப்புறம், உங்ககிட்ட அடையாள அட்டைக்கு எடுத்த படம் இருக்கில்ல? அதைப் பெரிசா போட்டு வாசல்ல வைக்கணும்."

வாயில் ஊசி இருந்தது நல்லதாகப் போயிற்று.

கடைத்தெருவில் நாற்பது வருஷமாகப் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறாள். "மோவாயைத் தூக்குங்க, காது தெரியட்டும்" என்று ஊர் முகத்தையெல்லாம் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவள். அவளுக்குப் போய், முப்பத்தைந்து வருஷம் கண்ணை மட்டும் வெளியே காட்டிய அக்கா. படைத்தவனுக்கும் வேடிக்கை பிடிக்கும் போலிருக்கிறது.

அக்காவை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கட்டிய கணவர், போய்ச் சேரும்வரை, வேண்டாம் வேண்டாம் என்றுதான் கெஞ்சினார். "எனக்கும் கடவுளுக்கும் நடுவுல ஒரு பேச்சு" என்பாள் அக்கா. அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. தங்கைக்கு அந்தப் பேச்சு கடைசிவரை புரியவில்லை. புரியாததற்காக அவள் போட்ட சண்டைகளுக்கு அளவில்லை.

நேற்று மாலை ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் வைக்கத் திரையை எடுக்க வேண்டியிருந்தது. அங்கே இருந்த நர்ஸ் பெண் ஒன்றும் கேட்காமல் கட்டிலைச் சுற்றி மறைப்பை இழுத்துவிட்டு, "உள்ள வர்றவங்க குரல் கொடுத்துட்டு வாங்க" என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தாள். அக்கா அந்தப் பெண்ணின் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு தங்கையைப் பார்த்து, "நாளைக்கு நீதான் எனக்குக் கட்டணும்" என்றாள். விடிவதற்குள் போய்விட்டாள்.

ஊசி ஒருவழியாகப் பிடித்தது. அவள் கதவைத் திறந்தாள்.

வாசற்படியில் மகனோடு பெரியண்ணனும் நின்றிருந்தார். உள்ளே எட்டிப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"செத்த பிறகும் என்னம்மா திரை? இத்தனை பேர் வந்திருக்காங்க. இப்படியே தூக்கிட்டுப் போனா, உள்ள வேற யாரோ இருக்கான்னு சொன்னாலும் சொல்வானுங்க."

"சொல்லட்டும்ணே. ஆள் மாறாட்டம் பண்ணி எழுதி வாங்க அவகிட்ட என்ன அரண்மனையா இருக்கு?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு அண்ணன் மீசையைத் தடவினார். மாடிவீட்டுக்காரி பக்கத்திலிருந்தவளிடம் கிசுகிசுத்தது இங்கே வரை கேட்டது. "தீக்காயம்னுதான் பேச்சு. இன்னிக்காவது தெரிஞ்சுடும்."

பிரார்த்தனைக் கூடத்திலிருந்து வந்திருந்த பெரியம்மா அதற்குள் எழுந்து வந்து அவள் தோளைத் தட்டினார். "நீ செஞ்சதுதான் சரி. இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு இவ ஒரு பாடம். கூடப் பிறந்தவ நீ, உன் தலைல ஒரு துண்டுத் துணிகூட இல்லையே!"

"அவ பாடப்புத்தகம் இல்ல, பெரியம்மா. என் அக்கா. என் தலையை விட்டுடுங்க, அவ முகத்தையும் விட்டுடுங்க."

அவள் அக்கா மகனின் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

அவன் அம்மாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினான். "ஸ்கூல்ல என்னை எப்படிக் கூப்பிடுவாங்க தெரியுமா சித்தி? மூக்கறுந்தவ மகன். உங்கம்மாவுக்கு மூக்கு இல்லையாமேடா, அதான் மூடிக்கிறாங்களாமேடான்னு. வேலைக்குப் போன இடத்துலயும் ஒருத்தன் கேட்டான். எங்கம்மா எவ்வளவு அழகுன்னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எல்லாரும் பார்க்கணும். இனிமே நாள் கிடையாது."

அவன் கேட்டதில் ஒரு சொல்லும் தப்பில்லை. இதே சொல்லைத்தான் அவளும் ஒருநாள் சொன்னாள்.

"இங்க பாரு." வலது உள்ளங்கையை விரித்தாள். குறுக்கே வெள்ளையாக ஒரு நீளத் தழும்பு. "பெரியண்ணன் கல்யாணம். குடும்பப் படம். கேமராவைத் தானா எடுக்கிற மாதிரி வெச்சுட்டு ஓடி வந்து பக்கத்துல நின்னேன். என் அக்கா அழகை ஊர் பார்க்கட்டுமேன்னு, சட்டுன்னு திரையைப் பிடிச்சு இழுத்துட்டேன். ஊசி கையைக் கிழிச்சுட்டுது."

"அம்மா அடிச்சாங்களா?"

"அடிச்சிருந்தா மறந்திருப்பேன். மண்டபமே பார்க்குது. அவ முகத்தை மூடல. அந்தத் துணியைக் கிழிச்சு முதல்ல என் கையைக் கட்டினா. ரத்தம் நின்ன பிறகுதான் மீதியை எடுத்து மூடிக்கிட்டா. படத்துல அவ உச்சி மட்டும்தான் விழுந்தது. குனிஞ்சு கட்டிட்டு இருந்தா."

அவன் அந்தத் தழும்பை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"அப்புறமும் அடையாள அட்டைக்கு என்கிட்டதான் வந்தா. 'நீ எடுத்தாத்தான் உட்காருவேன்'னா. அதுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். அந்தப் படத்தை நான் வாசல்ல வைக்க மாட்டேன்டா. நீ கோவிச்சுக்கிட்டாலும் சரி."

"ஒருநாள், பெற்றோர் கூட்டத்துக்கு வராதேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்" என்றான் அவன், மெதுவாக.

"தெரியும். அன்னிக்கு நேரா ஸ்டூடியோவுக்கு வந்தா. 'பையன் வெட்கப்படறான், எடுத்துடட்டுமா'ன்னு கேட்டா. எடுத்துடுக்கான்னு நான் குதிச்சேன். எடுத்துட்டுக் கண்ணாடி முன்னால ரொம்ப நேரம் நின்னா. அப்புறம் திரும்பக் கட்டிக்கிட்டா. 'யாருக்காகவும் நான் இதைப் போடலியே. யாருக்காகன்னு எடுப்பேன்? அவன் வளர்ந்து என்னைத் திட்டினாலும் திட்டட்டும், பொய் முகத்தோட அவன் ஸ்கூலுக்குப் போகமாட்டேன்'னா. போற வழியில உனக்குப் புதுப் பேனா வாங்கிட்டுப் போனா."

அவன் கட்டிலருகே முழங்காலிட்டான். திரையின் ஓரத்தைத் தூக்கவில்லை. திரைக்கு மேல் அம்மாவின் நெற்றியில் கையை வைத்து அப்படியே இருந்தான். ஸ்டூடியோக்காரி ஜன்னலருகே போய், எதையோ தேடுவதுபோல் மேசை டிராயரைத் திறந்தாள்.

சிறிது நேரம் கழித்து அவனே எழுந்து கதவைத் திறந்தான். "மாமா, தூக்கலாம். இப்படியேதான்."

"ஜனங்க ஏதாவது..."

"இப்படியேதான் மாமா."

பெரியண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தோள் துண்டை இறுக்கிக்கொண்டு கால்மாட்டுக்கு வந்தார்.

தெருவில் வண்டி நின்றிருந்தது. வாசலைத் தாண்டியதும் கூட்டம் நெருக்கியது. எங்கிருந்தோ ஒரு கை, செல்போனை உயர்த்திக்கொண்டு முன்னே வந்தது. அதைப் பார்த்து இன்னொன்று. மாடிவீட்டுக்காரி குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தாள். காற்று வேறு திரையின் நுனியைப் பிடித்து இழுத்தது. ஸ்டூடியோக்காரி ஓடிப்போய் அதை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள்.

மகன் தோள்சுமையை அடுத்தவனிடம் கொடுத்தான். கூட்டத்துக்கும் அம்மாவுக்கும் நடுவில் வந்து, இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு நின்றான். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. வெயில் நேராக அவன் மேல் விழுந்தது.

போன்கள் இறங்காமல் அவனையே படம் எடுத்தன. முகத்தையே பார்த்துப் பிழைத்தவள், அப்போதுதான் அவனை முழுதாகப் பார்த்தாள். அந்த அகன்ற நெற்றி, சற்றே வளைந்த மூக்கு, மோவாயில் விரல்நுனி அளவுக் குழி. அப்படியே அக்காவின் அச்சு.

யாரும் கவனிக்கவில்லை. அவளும் யாரிடமும் சொல்லவில்லை. குனிந்து, வண்டியின் கதவைத் திறந்துவிட்டாள்.