மூன்றாவது எது, நான்காவது எது

சனிக்கிழமைப் பிற்பகல் நான்கு மணியளவில் ஊர்ப் படிப்பகத்தின் மேல்தளத்து அறையில் அமர்ந்திருந்தோர் இவர்: தெருவை நோக்கிய பலகணியின் ஓரமாக, ஒளி நன்கு விழும் இடத்தைத் தமக்கே உரிமையாக்கிக்கொண்டு, தையற்கடை நடத்தும் அம்மையார், அவருக்கு இடப்புறம், நீண்ட மேசையின் தலைமாட்டில், பதிவேட்டையும் எழுதுகோலையும் கோடு கிழிக்கும் அளவுகோலையும் படைக்கலங்கள் போல முன்னே நிரல்பட வைத்துக்கொண்டு, குடிநீர் அலுவலகத்தில் எழுத்தராய்ப் பணிபுரியும் பெண்மணி, அவருக்கு எதிரே, சுவரில் முதுகைச் சாய்த்து, இருந்தும் இல்லாதவர் போல மருந்துக்கடைக்காரர். கதவருகே கிடந்த நான்காம் நாற்காலி வெறுமையாய் இருந்தது. அது கடிகாரம் பழுதுபார்ப்பவருக்கு உரியது. ஊராரின் காலத்தையெல்லாம் நொடி பிசகாது ஓடச்செய்யும் அவர், தாம் மட்டும் எங்கும் அரைமணி நேரம் பிந்தியே வருவதால், 'அரைமணி' என்னும் பெயரால் நண்பரிடையே வழங்கப்பெற்றார்.

மழை ஓய்ந்து சற்றே பொழுதாகியிருந்தது. கூரைகளின் விளிம்பில் தொங்கிய துளிகள் விழுவதா நிற்பதா என்று ஐயுறுவன போல நெடுநேரம் நடுங்கிப் பின் விழுந்தன. எதிர்த்தெருவின் இரும்புக் கடையில் சுத்தியலோசை எழுவதும் ஓய்வதுமாக இருந்தது. மேகத்தினின்று வெளிப்பட்ட ஞாயிறு மறுபடியும் மறைந்து, மறைந்தது போலத் தோன்றி மறுபடியும் வெளிப்பட்டு, இது விடியலின் ஒளியோ மாலையின் ஒளியோ என்று மயங்கும்படி அறையின் நூற்பேழைகள்மேல் வெளிறிய மஞ்சளைப் பூசியது. நாற்காலிகளுக்கு நடுவே, மேசைமேல், அன்றைய குழப்பங்கள் அனைத்துக்கும் வித்தாகிய நூல் நான்கு துண்டுகளாய்க் கிடந்தது.

திங்கள்தோறும் அந்நால்வரும் கூடித் தாம் அண்மையில் படித்தவற்றை ஒருவருக்கொருவர் எடுத்துரைப்பதும், அவற்றுள் சிறந்த ஒன்றைத் தேர்ந்து அடுத்த ஊரின் வாசகர் வட்டத்துக்கு மடல் வாயிலாகப் பரிந்துரைப்பதும் வழக்கம். இம்முறை நால்வரும் ஒரே நூலைப் படிப்பதென முடிவாயிற்று. ஆயினும் கிடைத்த படி ஒன்றே. பழந்தாள் வணிகரிடமிருந்து வந்த அது, மேலட்டையை இழந்து, எவரோ ஓரங்களை மட்டமாக்கக் கருதிப் பக்கங்களின் அடிப்புறத்தை வெட்டிவிட்டமையால் பக்க எண்களையும் இழந்திருந்தது. 'முற்றும்' என்னும் சொல் ஒருகால் இருந்திருப்பின் அதுவும் அவ்வெட்டிலேயே போயிற்று. இயல்களுக்குப் பெயருமில்லை, எண்ணுமில்லை. தொடக்கத்தில் சிறு பூக்குறி ஒன்றே உண்டு. ஒரு படியை நால்வர் ஒரே திங்களில் படிக்கும் பொருட்டு, அதனை நான்காகப் பிரித்து, தையலம்மை கொடுத்த சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலத் துணிக்கீற்றுகளால் முறையே கட்டி, அம்முறையை எழுத்தர் பதிவேட்டிலும் குறித்துக்கொண்டார். இவ்வளவு ஒழுங்கும் ஒரு சாரல் மழைக்கு ஆற்றாது போயிற்று. கடைசி இரு பகுதிகளையும் முதலிற் பெற்றுச் சென்ற மருந்துக்கடைக்காரர், கடையின் மேசைமேல் ஒழுகிய நீரில் கீற்றுகள் நனைந்தது கண்டு, சாயம் தாளில் இறங்குமுன் இரண்டையும் அவிழ்த்தெறிந்துவிட்டு, மருந்துப் பொதி கட்டும் சணற்கயிற்றால் இரண்டையும் ஒன்றுபோலவே கட்டிவிட்டார். அதன்பின் அவற்றை வாங்கிச் சென்ற மற்ற மூவரும் கைக்கு முதலில் வந்ததை முதலிற் படித்தனர்.

இதனாலென்ன கேடு என்பீர், நண்பரே. கேளுங்கள். சணற்கயிறு கட்டிய பகுதிகளில் ஒன்றில், மகள் தந்தையோடு சொல்லாடிச் சினந்து, மழையில் வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். மற்றொன்றில், அதே மகள் வாயிலில் வந்து நிற்க, தந்தை கதவைத் திறக்கிறார். போனவள் வந்தாளா, வந்தவள் போனாளா என்பதே அந்நூலின் முழுப்பொருளும். அதுவே இப்போது எவருக்கும் தெரியவில்லை.

படிகளில் செருப்போசை கேட்டது. அரைமணி உள்ளே நுழைந்து, குடையை மூலையில் சாய்த்தார்.

"ஊர்ல இருக்கற கடிகாரத்துக்கெல்லாம் சாவி குடுக்கறீங்க, உங்க காலுக்குக் குடுக்க ஆளில்லையா அண்ணே?" என்றார் தையலம்மை.

"அடுத்தவங்க நேரத்தைப் பாத்துப் பாத்தே என் நேரம் போயிடுதும்மா. சரி, நான் சொன்ன கடல்பயணப் புத்தகத்தை யாராவது படிச்சீங்களா?"

"ஒரு வருஷமா சொல்றீங்க. கப்பல் இன்னும் கரையை விட்டே கிளம்பலை, நாப்பது பக்கம் போயிடுச்சு," என்றார் எழுத்தர், பதிவேட்டில் நாளைக் குறித்தவாறே. "நான் தேனீ வளர்க்கறதைப் பத்தி ஒண்ணு படிச்சேன். நல்லா இருக்கு, ஆனா அதை அப்புறம் சொல்றேன். முதல்ல இது. மடல் இன்னைக்கே போகணும், அஞ்சரைக்குப் பெட்டியைத் திறந்து எடுத்துடுவாங்க. முடிவைப் பத்தி ஒரு வரி எழுதணும். முடிவு என்ன?"

"போயிடறா," என்றார் தையலம்மை.

"வந்துடறா," என்றார் அரைமணி.

எழுத்தரின் எழுதுகோல் தாளைத் தொடாமல் அந்தரத்திலேயே நின்றது.

ஒவ்வொருவரும் தத்தம் தொழிலையே விளக்காக ஏந்தி அவ்விருளுள் புகுந்தனர். தையலம்மை சணற்கயிறுகளை அவிழ்த்து, வெளியேறும் பகுதியில் ஓரிடத்தில் விரலை ஊன்றினார். "போறப்ப அவ சட்டையோட முழங்கையில ஒட்டுப் போட்டிருக்குன்னு எழுதியிருக்கு. வர்றப்ப அதே ஊதாச் சட்டை, ஒட்டு இல்லை. ஒட்டுப் போட்ட சட்டை மறுபடி புதுசாகுமா? அப்ப வந்ததுதான் முன்னாடி."

"சட்டை ஒண்ணுதான்னு எங்க எழுதியிருக்கு? ஊதா பிடிக்கும், இன்னொண்ணு எடுத்திருப்பா," என்றார் அரைமணி. "கூடத்துக் கடிகாரத்தைப் பாருங்க. அவ போறப்ப அது அஞ்சு அடிக்குது. வர்றப்ப நின்னு போயிருக்கு, மேல ஒட்டடை வேற. ஓடினது நின்னிருக்கு. அப்ப வந்ததுதான் பின்னாடி."

"நின்ன கடிகாரம் மறுபடி ஓடவே ஓடாதுன்னா நீங்க கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்," என்றார் தையலம்மை.

"எல்லாரும் கொண்டு வந்து குடுக்கறாங்களா என்ன?"

"குடுத்தவங்களுக்கு மட்டும் என்ன ஆச்சு? என் கைக்கடிகாரம் மூணு மாசமா உங்ககிட்ட இருக்கு."

எழுத்தர் நகைத்தாரல்லர். அளவுகோலால் பதிவேட்டின் நடுவே ஒரு கோடிழுத்து, ஒருபுறம் 'வருதல் முதலில்' என்றும் மறுபுறம் 'போதல் முதலில்' என்றும் தலைப்பிட்டு, சான்றுகளை எண்ணிட்டு நிரப்பலானார். தந்தையின் கைத்தடி ஒருபுறம் சேர்ந்தது. முற்றத்து மரத்தின் உயரம் மறுபுறம் சேர்ந்தது. அண்டை வீட்டு நாய், குட்டியோ கிழமோ என்று தெளிவுபடாமையால், கோட்டின்மேலேயே நின்றது. சான்றுகள் பெருகப் பெருகத் தெளிவு குறைந்தது. சேற்றில் சிக்கிய வண்டியை விடுவிக்க முயலுந்தோறும் உருளை மேலும் புதைவது போல, அவர்கள் நுணுகி நோக்குந்தோறும் கதை மேலும் மயங்கிற்று.

மருந்துக்கடைக்காரர் அதுகாறும் வாய் திறக்கவில்லை. அவர் நெஞ்சில் உள்ளதை நண்பர் அறியார். நீங்கள் அறிதல் வேண்டும். அவருக்கும் மகள் ஒருத்தி உண்டு. மருந்தியல் பயின்று வந்தவளைத் தம் கடையிலேயே தமக்குப்பின் அமர்த்த எண்ணியிருந்தார். அவளோ தொலைவிலுள்ள மருத்துவமனையொன்றில் வேலை பெற்றுப் புறப்பட்டாள். "போனா போனதுதான்" என்று வாயிலில் நின்று அவர் சொன்ன சொல்லுக்குப்பின் மூன்றாண்டுகளாக இருவரிடையே ஓர் எழுத்தும் பரிமாறப்படாதிருந்தது. பதினெட்டு நாள்களுக்கு முன் அவளிடமிருந்து ஒரு மடல் வந்தது: அடுத்த மாதம் பத்து நாள் விடுப்பு எடுக்க இயலும், வரலாமா, கூடாதா, செவ்வாய்க்கிழமைக்குள் விடை வராவிடின், வேண்டாமென்றே கருதி அவ்விடுப்பை வேறொருவர்க்கு விட்டுக்கொடுப்பேன். இவ்வளவே. சினமுமில்லை, கெஞ்சலுமில்லை. அம்மடல் கிடைத்த நாளில்தான் அவ்விரு பகுதிகளும் அவர் கைக்கு வந்திருந்தன. எந்த மருந்துச் சீட்டையும் இருமுறை பாராது எடுத்துக்கொடுக்கும் அவர், இவ்வொன்றில் மட்டும் தம்மை நம்பமாட்டாதவராய், நூல் எவ்வாறு முடிகிறதோ அவ்வாறே விடை எழுதுவது என்று தமக்குள் உறுதி செய்துகொண்டார். அறிவுடையார் செய்யத்தக்கதன்று அது. ஆயினும் மனம் இரண்டாகப் பிளந்தவர் நாணயத்தைச் சுண்டுவதும் உண்டன்றோ? அவர் சுண்டிய நாணயம் விளிம்பில் நின்றுவிட்டது.

"கை தூக்கிச் சொல்லிடுங்களேன்," என்றார் அவர் திடீரென்று. "வந்ததுதான் கடைசின்னு எத்தனை பேர், போனதுதான் கடைசின்னு எத்தனை பேர்?"

எழுத்தர் வியந்து நோக்கினார். "கதையை ஓட்டுப் போட்டா முடிக்கறது? பேசாம மடல்லயே கேட்டுடறேன் ஐயா. பக்கத்து ஊர்க்காரங்ககிட்ட முழுப் படி இருக்காம். கேள்வியை வரிசையா எழுதி அனுப்பினா, பதில் எழுதிடுவாங்க."

"எப்ப வரும்?"

"அவங்க கூடிப் பேசி எழுதணுமே. எப்படியும் பத்து நாள்."

"பத்து நாள் இல்லைம்மா என்கிட்ட."

பிறகு அவர், யாரையும் பாராது, மேசைமேல் கிடந்த இரு கற்றைகளையே நோக்கியவாறு, மகளின் மடலைப் பற்றியும் செவ்வாய்க்கிழமையைப் பற்றியும் தாம் செய்துகொண்ட உறுதியைப் பற்றியும் கூறினார். கூறுகையில் முன்னது பின்னதாயும் பின்னது முன்னதாயும் தடுமாறிற்று. இருவர் ஊடே புகுந்து கேட்டுத்தான் விளங்கிக்கொள்ள நேர்ந்தது.

"இதுக்குப் போய்ப் புத்தகத்தைப் பாத்துக்கிட்டு இருந்தீங்களா?" என்றார் அரைமணி, மெல்ல.

"கடையில உக்காந்து ரெண்டையும் மாத்தி மாத்திப் படிச்சேன். வந்ததை முடிச்சுட்டுப் போனதைப் படிச்சா, இவளும் வந்துட்டுப் போகத்தான போறா, எதுக்குன்னு தோணுது. மாத்திப் படிச்சா, உடனே எழுதிடலாம்னு தோணுது. எது சரின்னு தெரியலை."

தையலம்மை அவ்விரு கற்றைகளையும் மூடி ஒருபுறம் நகர்த்தினார். அவர் அறிவுரை கூறும் இயல்பினரல்லர். அளவெடுத்து, இவ்வளவு துணி போதும் போதாது என்று மட்டுமே சொல்லிப் பழகியவர்.

"அண்ணே, இந்தப் புத்தகத்துல எது முன்னாடி எது பின்னாடின்னு நமக்குத் தெரியாது. உங்க வீட்டுல உங்களுக்குத் தெரியாதா? அவ போயாச்சு. மூணு வருஷம் ஆச்சு. அந்தப் பகுதி முடிஞ்சு போச்சு. இனி பாக்கி இருக்கறது ஒண்ணுதான?"

மருந்துக்கடைக்காரர் நிமிர்ந்தார். தெளிவு பிறந்தவரின் முகமன்று அது. நெடுநேரம் ஒரே எண்ணைத் தவறாகக் கூட்டிவந்தவன், கூட்ட வேண்டியதே இல்லையென்று அறிந்தபோது கொள்ளும் திகைப்பே அதில் இருந்தது. பாக்கி இருப்பது ஒன்றே என்பது விளங்கிற்று. அந்த ஒன்றினுள் என்ன எழுதியிருக்கிறதென்பது அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

"வந்து, திரும்பப் போயிட்டா?"

"பத்து நாள் விடுப்புன்னா பதினோராம் நாள் போகத்தான் செய்வா," என்றார் எழுத்தர், அலுவலகத்தில் விண்ணப்பத்துக்கு விடை சொல்வது போல. சொல்லிவிட்டு, தாம் எழுதத் தொடங்கியிருந்த தாளை ஒதுக்கி, பதிவேட்டின் பின்புறத்திலிருந்து வெற்றுத் தாளொன்றை எடுத்து, நாளை மட்டும் வலமேல் மூலையில் குறித்து, எழுதுகோலோடு அவர்முன் நகர்த்தி வைத்தார். "மணி அஞ்சு பத்து ஐயா."

அவர் எழுதினார்; அடித்தார்; எழுதினார். முதலில் எழுதியது அறிக்கை போல இருந்தது. அடுத்தது குற்றப்பட்டியல் போல இருந்தது. மூன்றாம் தாளை அவர் கேட்குமுன்னரே எழுத்தர் கொடுத்தார். ஏனையோர், அவரைப் பார்ப்பது தகாதெனக் கருதி, தேனீக்களைப் பற்றி ஒருவருக்கும் செவியேறாத உரையாடலை நடத்தினர். அரைமணி, தேனீக்கும் குளவிக்கும் வேறுபாடு என்னவென்று இருமுறை கேட்டார். இருமுறையும் விடையைக் கேட்டாரில்லை.

மூன்றாம் தாளில் இருந்தது இது: 'வா. பத்து நாளும் இங்கேயே இரு. கடையில் உட்காரச் சொல்லி அழைக்கவில்லை. கதவைத் திறந்தபின் உன்னிடம் என்ன பேசுவேன் என்று எனக்குத் தெரியவில்லை. நீ ஏதாவது பேசு. வா.'

இருமுறை 'வா' என்றிருப்பது மிகையோ என ஐயுற்று ஒன்றை அடிக்க எழுதுகோலை ஓங்கியவர், எதை அடிப்பதென்று தெரியாமல் இரண்டையும் விட்டுவிட்டார். தாளை மும்மடியாய் மடித்து உறையிலிட்டு, நாவால் ஈரப்படுத்தி ஒட்டினார். ஒட்டியது போதாதென எழுத்தரின் பசைக்குப்பியைக் கேட்டு வாங்கி மேலும் ஒருமுறை ஒட்டினார். முகவரியை எழுதி, அஞ்சல்தலையைப் பதித்து எழுந்தார். மூன்றாண்டுகள் எழுதாதிருந்தும் அவள் வீட்டெண்ணையும் தெருவையும் அவர் எங்கும் பார்த்தெழுதவில்லை.

அடுத்த ஊர் வட்டத்துக்குரிய மடல் அன்று போகவில்லை. அந்நூலில் மகள் வந்து போனாளோ, போய் வந்தாளோ, அவ்வறையினர் அறிந்தாரில்லை. இதனை எழுதுவோர்க்கும் தெரியாது. கதை செய்தோர் இறுதியை ஓரிடத்தில் நிறுத்திவிடலாம். வாழ்வோர்க்கு அவ்வுரிமை இல்லை. கதவைத் திறந்துவைப்பது மட்டுமே ஒருவர் செயல். அதன் வழியே வருவது மற்றொருவர் செயல். அவர் வருவாரோ வாராரோ என்னும் மயக்கம், எத்துணை நூல்களைப் படித்தார்க்கும் நீங்குவதில்லை.

தெருமுனையில் அஞ்சற்காரர் சிவப்புப் பெட்டியைத் திறந்து, மடல்களைப் பைக்குள் வாரிக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரர் விரைந்து சென்று உறையை நீட்டினார். நீட்டிய பின்னும் விரல்கள் அதனை விடவில்லை.

"குடுங்க ஐயா," என்றார் அஞ்சற்காரர்.

அவர் விட்டார். உறை பைக்குள் விழுந்தது. பையின் வாய் இறுக்கிக் கட்டப்பட்டது. மிதிவண்டி ஈரத்தெருவில் வளைந்து திரும்பிச் சென்றது.